கேம் ஓடாதுன்னு சொன்னது யாரு?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடக்க ஆண்டுகளில் வந்த அந்த மடிக்கணினிகளில் ஒன்றுக்கு இரண்டாக இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ். அதன் முழுப்பெயர் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக பாஸ்.

பெயர்தான் பாஸ். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு வாரம் கூட முதலாளியாக இருந்ததில்லை!

ஸ்டார்ட்டருக்கும் அதே கதிதான். அதில் முகப்புப் படத்தைக் கூட மாற்ற முடியாது. நடிகர் படமோ, தோனி படமோ வைக்க முடியாத கணினி யாருக்கு வேண்டும்? கடையில் கொண்டு போய்க் கொடுத்தார்கள். நூறோ இருநூறோ வாங்கிக் கொண்டு, இரண்டையும் அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் 7 அல்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், ஈஏ கிரிக்கெட் 07. எல்லாம் ஒரே பென்டிரைவில்.

"அண்ணே, இந்த பாஸ் இருந்துட்டுப் போகட்டுமே?" என்று தப்பித்தவறி எந்தப் பையனாவது கேட்டிருந்தால், கிடைத்திருக்கும் பதில் ஒரே வரிதான்.

"அதுல கேம் ஓடாது தம்பி."

அந்த ஒரு வரிதான் ஒரு தலைமுறையின் கணினி அறிவைத் தீர்மானித்தது. உரிமம் என்றால் என்ன, வைரஸ் எங்கிருந்து வருகிறது, இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது... இந்தக் கேள்விகள் எதுவுமே எழவில்லை. கேம் ஓடாது. முடிந்தது பேச்சு.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2011-ல் அந்த வரி உண்மை. இன்றைக்கு அது பெரும்பாலும் பொய். ஆனாலும் கடைக்காரர் முதல் கல்லூரி சீனியர் வரை எல்லோரும் அதே வரியை அதே தொனியில் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். காலாவதியான மருந்துக்குக் கூட அட்டையில் தேதி இருக்கும். காலாவதியான அறிவுரைக்கு அதுவும் கிடையாது.

சபுராளி மாமா கொடுத்த லேப்டாப்

இது ஏன் இப்போது பேச வேண்டிய விஷயம்? காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இனி விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்கிறது. மாறலாம்தான். ஆனால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் செயலி ஆகாது. 2016, 2017 வாக்கில் நல்ல விலை கொடுத்து வாங்கிய, இன்றும் திரை பளிச்சென்று இருக்கிற, விசைப்பலகை தேயாத ஒரு மடிக்கணினி, அதிகாரப்பூர்வமாகக் கிழடு.

பரங்கிப்பேட்டை மாதிரி ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சம்பாதிக்கப் போனவர்கள் நிறைந்த ஊர் இது. சபுராளி மாமா விடுமுறையில் வரும்போது தன் பழைய லேப்டாப்பை மருமகனுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த மருமகன் படித்து முடித்ததும் அது தம்பிக்கு, தம்பிக்குப் பிறகு தங்கைக்கு. இங்கே கணினி என்பது கடையில் வாங்குகிற பொருள் மட்டும் இல்லை. கை மாறி வருகிற சொத்து. காலையில் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பஸ் ஏறுகிற பல மாணவர்களின் பையில் இருப்பது அப்படி வந்த பெட்டிதான்.

அந்தப் பெட்டியைக் கடைக்குக் கொண்டு போனால் இப்போது கிடைப்பது மூன்று யோசனைகள். ஒன்று, புதுசு வாங்கு. குறைந்தது முப்பது நாற்பதாயிரம். இரண்டு, விதிகளை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ உள்ளே தள்ளு. அடுத்தடுத்த புதுப்பிப்புகள் ஒழுங்காக வரும் என்று மைக்ரோசாஃப்டே உத்தரவாதம் தராது. மூன்று, அப்படியே பழைய 10-ஐ ஓட்டு, பார்த்துக்கலாம். விரும்புகிறவர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருகிற ஒரு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது ஒரு வருட வாய்தா. தீர்ப்பு மாறவில்லை.

நான்காவது யோசனை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் அந்தப் பழைய வரி வந்து குறுக்கே நிற்கிறது. "லினக்ஸா? கேம் ஓடாதே!"

ஏன் ஓடவில்லை, எப்படி ஓடுகிறது?

முதலில் இது ஏன் உண்மையாக இருந்தது என்று பார்த்துவிடலாம். எதிராளியின் வாதத்தை மதிக்காமல் திட்டுவது அழகில்லை.

விண்டோஸுக்கு எழுதப்பட்ட ஒரு விளையாட்டு, திரையில் படம் வரைய டைரக்ட்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் கருவித் தொகுப்பிடம் கேட்கும். அந்தத் தொகுப்பு லினக்ஸில் கிடையாது. தமிழ் மட்டும் தெரிந்த சமையல்காரரிடம் ஜப்பானிய மொழியில் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி. சமையல்காரர் கெட்டிக்காரர்தான். அடுப்பும் நல்ல அடுப்புதான். சீட்டைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த மொழிபெயர்ப்பு வேலைக்காக 1993-ல் தொடங்கியதுதான் வைன் என்ற திட்டம். விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும். பல வருடம் அது நொண்டிக் கொண்டுதான் இருந்தது. சின்ன மென்பொருள்கள் ஓடும், பெரிய விளையாட்டுகள் படுத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பத்து அமைப்புகளை மாற்ற வேண்டும். கேம் ஓடாது என்ற பெயர் அப்போது வாங்கியதுதான்.

திருப்பம் 2017-ல் தொடங்கியது. பிலிப் ரெபோலே என்ற நிரலாளருக்கு நியர் ஆட்டோமாட்டா என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்று ஆசை. அது ஓடவில்லை. கைவிட்டாரா? டைரக்ட்எக்ஸ் 11-இன் கட்டளைகளை வல்கன் என்ற திறந்த வரைகலை மொழிக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுத ஆரம்பித்துவிட்டார். அதை ஸ்டீம் கடையை நடத்துகிற வால்வ் நிறுவனம் கவனித்தது. வைன், டிஎக்ஸ்விகே இரண்டையும் சேர்த்து, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டது. விளையாடுபவர் செய்ய வேண்டியது: நிறுவு என்ற பொத்தானை அழுத்துவது. அவ்வளவுதான்.

வால்வ் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு செயலிக் கடையோடு வந்தபோது, வால்வின் தலைவர் கேப் நியூவெல் அது கணினி உலகத்துக்கே பேரழிவு என்று வெளிப்படையாகவே சாடினார். தன் கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரனே எதிரில் கடை போட்டால் எந்த வியாபாரிக்கும் வயிறு கலங்கத்தானே செய்யும்? வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடகைக் கட்டடத்தை விட்டுச் சொந்த மனை தேடினார் நியூவெல். அந்த மனைதான் லினக்ஸ். 2013-ல் லினக்ஸுக்கான ஸ்டீம், 2022 பிப்ரவரியில் லினக்ஸிலேயே ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி. அந்தக் கருவி விற்க வேண்டுமென்றால் விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடியே தீர வேண்டும். பணம் கொட்டினார்கள், ஓடியது.

2022-ல் எல்டன் ரிங் வெளிவந்தபோது விண்டோஸ் கணினிகளில் அடிக்கடி திக்கித் திணறியது. வால்வ் தன் பக்க மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தம் செய்தது. ஸ்டீம் டெக்கில் அந்தத் திணறல் பெருமளவு குறைந்தது. அதாவது, ஊர் மொழியிலேயே திக்கிய பேச்சு மொழிபெயர்ப்பில் சரளமாக வந்தது!

ஓடுகிற பட்டியல்

கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6. ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்களை வாழ வைத்த தெய்வம். 2013-லிருந்தே லினக்ஸுக்கு நேரடியாக வந்துவிட்டது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடுகின்றன, இரண்டும் இலவசம். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பும் ஓடுகிறது. தனியாளாக ஆடுகிற பெரிய விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை புரோட்டான் வழியாக ஓடுகின்றன. ஜிடிஏ 5-இன் கதைப்பகுதி உட்பட. ஒவ்வொரு விளையாட்டும் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதி வைத்திருக்கும் புரோட்டான்டிபி என்ற தளம் இருக்கிறது. மாறுவதற்கு முன்பே அங்கே போய்த் தேடிப் பார்த்துவிடலாம்.

பழைய விளையாட்டுகள் விஷயத்தில் கதை இன்னும் வேடிக்கை. 2000-களில் குறுந்தகட்டில் வந்த பல விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அந்தப் பூட்டு ஒரு பாதுகாப்பு ஓட்டை என்று விண்டோஸ் 10 வந்த 2015-ல் மைக்ரோசாஃப்ட் அதைத் தூக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அசல் தகடு, விண்டோஸிலேயே ஓடாமல் போனது. "கேம் ஓடாது" என்ற அதே வரியை இந்த முறை யாரும் விண்டோஸைப் பார்த்துச் சொல்லவில்லை. ஏன் சார்?

இன்னொன்று. கேம் என்றால் பிஜிஎம்ஐதான் என்று இருக்கும் நண்பர்களே, அது ஓடுகிற ஆண்ட்ராய்டு போனின் கருவாக இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். லினக்ஸில் கேம் ஓடாது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் சட்டைப் பையில் லினக்ஸில் கேம் ஓடிக் கொண்டிருக்கிறது.

ஓடாத பட்டியல், ஓடாத காரணம்

இனி கசப்பான பக்கம். வேலரண்ட் ஓடாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஓடாது. ஃபோர்ட்நைட் ஓடாது. கால் ஆஃப் டூட்டியின் புதிய பதிப்புகள் ஓடாது. ஜிடிஏ ஆன்லைன் ஓடாது. அறைத் தோழர்கள் நான்கு பேரும் ராத்திரி வேலரண்ட் ஆடும்போது ஒருவன் மட்டும் லினக்ஸ் வைத்துக் கொண்டு உத்தமனாக உட்கார்ந்திருப்பது கொடுமை. அதை மறைப்பது மோசடி.

ஆனால் ஏன் ஓடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையமே.

இவற்றில் பலவும் தொழில்நுட்பத்தால் ஓடாமல் இல்லை. ஓடக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். சாட்சி வேண்டுமா? ஈஸி ஆன்டி-சீட் என்பது ஏமாற்று வேலைகளைத் தடுக்கும் மென்பொருள். அதன் சொந்தக்காரர் எபிக் நிறுவனம். 2021-ல் அதே எபிக், அந்த மென்பொருள் லினக்ஸிலும் புரோட்டானிலும் வேலை செய்யும் என்று அறிவித்தது. மற்ற நிறுவனங்கள் விரும்பினால் பயன்படுத்தலாம். ஆனால் எபிக் தன் சொந்த விளையாட்டான ஃபோர்ட்நைட்டுக்கு மட்டும் அதைத் திறந்துவிடவில்லை. சாவியைச் செய்து ஊருக்கெல்லாம் கொடுத்தவர், தன் வீட்டுக் கதவைத் திறக்க மாட்டாராம்.

பேட்டில்ஐ என்ற இன்னொரு காவல் மென்பொருளும் அதே 2021-லிருந்து புரோட்டானில் வேலை செய்கிறது. விளையாட்டு நிறுவனம் சரி என்றால் போதும். 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் ராக்ஸ்டார் பேட்டில்ஐ-யைச் சேர்த்தது, லினக்ஸுக்கான அனுமதியைத் தரவில்லை. முந்தைய நாள் வரை ஸ்டீம் டெக்கில் ஆடிக் கொண்டிருந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் லினக்ஸ்காரர்களை வெளியேற்றியது. ஏமாற்றுக்காரர்கள் லினக்ஸைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஏமாற்றுக்காரர்கள் அதிகம் இருப்பது ஆட்கள் அதிகம் இருக்கும் விண்டோஸில். அதற்காக யாரும் விண்டோஸைத் தடை செய்யவில்லையே! பெரிய கூட்டத்தில் திருடன் இருந்தால் போலீஸ் போடுவார்கள், சின்னக் கூட்டத்தில் இருந்தால் கூட்டத்தையே கலைப்பார்கள்.

வேலரண்ட் கதை தனி. அதன் வேன்கார்ட் காவலாளி 2020-லிருந்து கணினியின் கெர்னலுக்குள், அதாவது கருவறைக்குள்ளேயே, உட்கார்ந்திருக்கிறான். கணினியைத் திறந்த நொடியிலிருந்து, விளையாடாத நேரத்திலும். ஒரு விளையாட்டுக்காக வீட்டுச் சாவியைக் கொடுப்பது என்பது இதுதான். இந்த மாதிரி கருவறை மென்பொருள்களின் ஆபத்து கற்பனை இல்லை. 2022-ல் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் காவல் டிரைவரைப் பிணைப்பணக் கும்பல் ஒன்று எடுத்து, வைரஸ் தடுப்பு மென்பொருள்களை முடக்கப் பயன்படுத்தியதாகப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கெர்னல் மென்பொருளில் வந்த ஒரே ஒரு தவறான கோப்பு, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைக் கவிழ்த்தது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அது விளையாட்டு மென்பொருள் இல்லை, ஆனால் கருவறைக்குள் ஆளை விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆகவே வாக்கியத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும். "லினக்ஸில் கேம் ஓடாது" என்பது தவறு. "சில நிறுவனங்கள் லினக்ஸில் தங்கள் கேமை ஓட விடுவதில்லை" என்பது சரி. முதல் வாக்கியத்தில் குற்றவாளி லினக்ஸ். இரண்டாவதில் குற்றவாளி வேறு ஆள்.

ஓசி விண்டோஸின் கணக்கு

"எதுக்கு இவ்வளவு தலைவலி? விண்டோஸ்தான் சும்மா கிடைக்குதே" என்பது அடுத்த வாதம்.

சும்மா கிடைக்கிறதா? அசல் விண்டோஸ் 11 ஹோம் உரிமத்தைத் தனியாக வாங்கினால் பத்தாயிரத்துக்குக் குறையாது. கடையில் முந்நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்கள் என்றால் மீதியை யார் கட்டுகிறார்கள்? பற்று இருந்தால் வரவு எங்கோ இருந்தாக வேண்டும். இரட்டைப் பதிவு முறையை முதல் பருவத்திலேயே படித்துவிட்டு, சொந்தக் கணினியில் மட்டும் ஒற்றைப் பதிவு போடுவது என்ன நியாயம்?

வரவு எங்கே என்றால் இங்கே. திருட்டு விண்டோஸை உயிர்ப்பிக்கப் பயன்படும் கேஎம்எஸ்பிகோ என்ற கருவியின் பெயரில் சுற்றிய போலிகள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பாட்டைச் சுமந்து வந்ததை 2021-ல் பாதுகாப்பு நிறுவனமான ரெட் கேனரி அம்பலப்படுத்தியது. ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் அழைக்கப்படும் பிணைப்பணக் கிருமி பரவும் முக்கியமான வழியே உடைக்கப்பட்ட மென்பொருள்களும் விளையாட்டுகளும்தான். ஒரு விளையாட்டுக்கு ஆசைப்பட்டு இறக்கிய கோப்பு, கல்லூரி புராஜெக்ட் அறிக்கையையும், தங்கை திருமணப் படங்களையும், அத்தாவின் பாஸ்போர்ட் நகலையும் பூட்டிவிட்டு டாலரில் பணம் கேட்கும். அது பெரிய நிறுவனத்தைக் குறிவைத்த கிருமி இல்லை. சாதாரண வீட்டுக் கணினியைக் குறிவைத்த கிருமி. முந்நூறு ரூபாயின் மீதிக் கணக்கு அங்கே முடிகிறது.

மைக்ரோசாஃப்டுக்கு இந்தத் திருட்டால் நஷ்டம் என்று பரிதாபப்பட வேண்டாம். 1998-ல் பில் கேட்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது சீனாவைப் பற்றிச் சொன்னதன் சாரம் இது: அவர்கள் மென்பொருளைத் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகி அடிமையாகிவிடுவார்கள், பிறகு எப்படி வசூலிப்பது என்று பார்த்துக் கொள்வோம். மாணவர் கையில் இருக்கும் திருட்டு விண்டோஸ் அவருக்குக் கிடைத்த இலவசம் இல்லை. நாளைக்கு அவர் வேலை பார்க்கப் போகும் அலுவலகத்துக்கு விற்கப் போகும் சரக்கின் மாதிரிப் பொட்டலம்.

விளையாட்டுகளும் அப்படித்தான். ஸ்டீம் 2015-லிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறது. யுபிஐ-யில் கட்டலாம். தள்ளுபடிக் காலத்தில் பழைய பெரிய விளையாட்டுகள் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும். உடைத்த விளையாட்டை விட்டால் ஆட ஒன்றுமே இல்லை என்ற காலம் போய்விட்டது.

லினக்ஸ்காரர்களுக்கும் ஒரு குட்டு

திட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் அது நியாயம் இல்லை. இந்த நாட்டில் கட்டற்ற மென்பொருள் பேசியவர்களும் இதில் பாதிக் குற்றவாளிகள்.

தமிழ்நாட்டில் 2000-களின் நடுவிலேயே அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. தமிழ் இடைமுகம் இருந்தது, தட்டச்சு இருந்தது, அலுவலக மென்பொருள் இருந்தது. விளையாட்டு? "படிக்கிற பிள்ளைக்கு எதுக்குப்பா கேம்?" என்ற மனோபாவம்தான் இருந்தது. சுதந்திரம், உரிமை, சமூகம் என்று மேடையில் முழங்கிவிட்டு, பதினேழு வயசுப் பையனுக்குச் சீட்டாட்டமும் கண்ணிவெடி ஆட்டமும் கொடுத்தார்கள். அவன் பாஸை அழித்துவிட்டு வைஸ் சிட்டிக்குப் போனதில் என்ன ஆச்சரியம்?

பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான். ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரையிலான அவர்களுடைய கணினிப் பாடநூலின் பெயர் என்ன தெரியுமா? களிப்பெட்டி. அதாவது விளையாட்டுப் பெட்டி! குழந்தை கணினியிடம் முதலில் போவது விளையாடத்தான் என்பது அங்கே ஒருவருக்காவது புரிந்திருக்கிறது. ஜிகாம்பிரி, டக்ஸ் பெயின்ட் என்று ஆடி வரைந்தபடியே அந்தப் பிள்ளைகள் லினக்ஸில் வளர்கிறார்கள்.

கடைசியில் லினக்ஸில் கேமை ஓட வைத்தது என்ன? பிரசங்கமா? ஒரு விளையாட்டை ஆடியே தீர வேண்டும் என்ற ஒரு மனிதனின் பிடிவாதமும், ஒரு வியாபாரியின் பயமும். விளையாட்டை வெறும் வெட்டி வேலை என்று ஒதுக்கியவர்கள் இதை ஒருநாளும் செய்திருக்க மாட்டார்கள்.

சரி, யார் மாறலாம்?

எல்லோரும் நாளைக்கே மாறுங்கள் என்று சொல்வது மதப்பிரச்சாரம். கணக்குப் போட்டு மாற வேண்டும்.

வேலரண்ட் இல்லாமல் உயிர் வாழ முடியாதவர்கள் மாற வேண்டாம். அவர்கள் யாரால் கட்டப்பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து கொண்டால் போதும்.

பி.காம். மாணவர்களுக்கு டேலி வேண்டும். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் அதைச் சுற்றி வளைத்து ஓட வைத்துவிட்டுத் தேர்வு நேரத்தில் முழிக்க வேண்டாம். வன்தட்டில் ஒரு பகுதியை விண்டோஸுக்கு விட்டு வைத்து, இரண்டையும் வைத்துக் கொள்ளலாம். அரசே 2011-ல் அப்படித்தான் கொடுத்தது.

மிகப் பழைய கணினி என்றால், உதாரணமாக இன்டெல் 4-ஆம் தலைமுறையும் அதற்குக் கீழும், உள்ளமைந்த வரைகலைச் சில்லுக்கு வல்கன் முழுமையாக வராது. புரோட்டானின் அற்புதம் அங்கே பலிக்காது. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 போன்ற பழைய விளையாட்டுகளோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஆனால் 6, 7-ஆம் தலைமுறை இன்டெல் கணினிகளைக் கவனியுங்கள். விண்டோஸ் 11-க்கு இவை கிழடு. லினக்ஸிலோ இவற்றின் வரைகலைச் சில்லுக்கு வல்கன் முழுதாக வருகிறது. சபுராளி மாமாக்கள் கொடுத்துவிட்டுப் போன பெட்டிகளில் பல இந்த வகைதான். இவற்றைக் குப்பை என்று சொல்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை புதுசு விற்பவர்.

முயற்சி செய்ய ஒரு பைசா செலவில்லை. எட்டு ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, திரை எல்லாம் சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். நினைவகம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. என்விடியா அட்டை இருந்தால் மின்ட்டிலேயே இருக்கும் டிரைவர் மேலாளரில் அதற்கான டிரைவரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கேம் நத்தை மாதிரி நகரும். நிறுவுவதற்கு முன் கோப்புகளை வேறு இடத்தில் எடுத்து வைப்பது கட்டாயம். விளையாட்டுகளை விண்டோஸ் பகுதியில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து ஓட்ட நினைப்பது வம்பு, லினக்ஸ் பகுதியிலேயே நிறுவ வேண்டும். ஆள் துணை வேண்டுமென்றால் சென்னை வரை போக வேண்டியதில்லை. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் இயக்கம் இருக்கிறது. தமிழில் படிக்க கணியம் இருக்கிறது.

2025 அக்டோபரில் ஸ்டீம் எடுத்த மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸ் பயனர்களின் பங்கு முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. வெறும் மூன்றா என்று சிரிக்கலாம். ஆட்கள் குறைவு, அதனால் விளையாட்டு கொடுக்க மாட்டோம் என்கின்றன நிறுவனங்கள். விளையாட்டு இல்லை, அதனால் வர மாட்டோம் என்கிறார்கள் ஆட்கள். இந்தச் சக்கரத்தை நிறுவனங்கள் உடைக்கப் போவதில்லை. பழைய லேப்டாப் வைத்திருக்கும், இழக்க ஒன்றுமில்லாத மாணவர்தான் உடைக்க முடியும்.

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்று அறிவித்து 2,000 கோடி ஒதுக்கியது. 2026 ஜனவரியில் அவற்றைக் கொடுக்கத் தொடங்கியது. இன்றைக்கு அந்தப் பெட்டிகள் புதுசு. இன்னும் ஏழெட்டு வருடத்தில் ஏதோ ஒரு சில்லு இல்லை என்று சொல்லி அவற்றையும் கிழடு என்று அறிவிப்பார்கள். அப்போது அவை இந்த மாணவர்களின் தம்பி தங்கைகள் கையில் இருக்கும். அவர்கள் கடை வாசலில் நின்று கேட்கப் போகிற கேள்விக்கு அதே பழைய வரிதான் பதிலாகக் கிடைக்க வேண்டுமா?

கேம் ஓடாது என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். "எந்த கேம் அண்ணே?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெயர் சொன்னால் பேசலாம். பெயர் சொல்லத் தெரியாவிட்டால், அவர் சொல்வது 2011-இன் வரி.